வில்வப்பூவும் மிளகும்: திருகோணமலையில் ஐந்து நாட்கள்

யூலை 23, புதன்கிழமை. உப்புவெளி

ஆடி மாதத்தில் திருகோணமலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது அயலவர்கள் எல்லோரும் வெயிலைப் பற்றியே எச்சரித்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும், அவர்கள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று விளங்கியது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, கடற்கரைப் பட்டினம் என்றும் பாராமல் அனலை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் 31 ஆண்டுகள் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இந்தப் பயணத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. நாளைக்கு ஆடி அமாவாசை. ஆண் பிள்ளை இல்லாத எங்கள் வீட்டில் மூத்தவளான நானே அப்பாவுக்காக விரதம் இருந்து தானம் கொடுத்து வருகிறேன், இம்முறை அதைக் கோணேசர் சந்நிதியில் செய்ய நினைத்தேன். மற்றது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் என் பெறாமகள், தான் சேர்க்க வேண்டிய மூலிகை மாதிரிகளைப் பெயர் பிழைக்காமல் இனங்காண என்னைக் கூடவே நிற்கச் சொல்லியிருந்தாள்.

பேசி வைத்திருந்த அறை, நான் போய்ச் சேர்வதற்குள் வேறு ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. முற்பணத்தைத் திருப்பி வாங்குவதற்கே ஒரு மணித்தியாலம் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. பிள்ளை தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளரான அம்மா செய்தி அறிந்து, "ரீச்சர் எங்கட வீட்டிலேயே இருங்கோ, இதுக்கெல்லாம் கணக்குப் பாக்கிறதோ" என்று சொல்லித் தன் அறையையே ஒதுக்கித் தந்தார். இராச்சாப்பாடு இடியப்பமும் சொதியும் முருங்கையிலை வறையும். பயண அலுப்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அவர் வீட்டு முற்றம் முழுவதும் மணல், மணல் முழுவதும் பட்டிப்பூ. தமிழ்நாட்டில் இதை நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஒரே செடிக்கு இப்படி எதிரெதிரான இரு பெயர்கள் இருப்பதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வறண்ட மணலிலும் பூப்பதால் பிள்ளையார் படத்துக்கு வருடம் முழுவதும் இதுதான் பூ என்று அந்த அம்மா சொன்னார். பேச்சுவாக்கில், தன் அக்காவின் பேரன் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக் குணமாகிய கதையையும் சொன்னார். குழந்தைகளின் அந்த நோய்க்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்றான வின்கிறிஸ்டின் இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று நான் சொன்னதும், பறித்த பூக்களை மடியில் வைத்தபடி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். மடகஸ்கார் தீவில் தோன்றிய செடி இது. யமேக்காவில் நீரிழிவுக்கு இதன் இலையை அவித்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கனடாவில் அதை ஆராய்ந்தவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் மருந்தைத் தேடி, வெள்ளணுக்களைக் குறைக்கும் மருந்தை 1950களின் இறுதியில் கண்டெடுத்தார்கள். "அப்ப இலையை அவிச்சுக் குடிக்கலாமோ?" என்று அம்மா கேட்டார். கூடவே கூடாது என்று அழுத்திச் சொன்னேன். இலை நச்சுத்தன்மை உடையது. ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இவற்றையெல்லாம் கேட்ட பிறகு அவர், வெள்ளைப்பூவோ ஊதாப்பூவோ அந்த மருந்துக்குரியது என்று மட்டும் கேட்டார். இரண்டும் ஒரே செடிதான் என்றேன்.

யூலை 24, வியாழக்கிழமை. கோணேசர் கோவில்

காலை ஐந்தரைக்கே, கோவில் இருக்கும் பிரெட்றிக் கோட்டையின் வாசலில் சனம் நிறைந்துவிட்டது. பசுவுக்குக் கொடுக்கவென்று வாங்கிய அகத்திக்கீரைக் கட்டு, மற்ற நாளில் 100 ரூபாய் விற்பது, அமாவாசை என்பதால் 200 ரூபாய். அதைப் பசுவுக்குக் கொடுக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று பின்னால் வந்து, பையின் விளிம்போடு சேர்த்துக் கட்டில் பாதியை இழுத்துத் தின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு முதியவர், "மானும் வாயில்லாச் சீவன்தான் அம்மா, போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு அது போயிரும்" என்று சொன்னார். அந்தச் சொல் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தானத் தட்டில் பச்சரிசி, எள், வாழைக்காய், பூசணிக்காய், புடலங்காய், பயற்றங்காய் வைத்திருந்தேன். தர்ப்பையை மோதிரமாக முறுக்கிக்கொண்டிருந்த ஐயரிடம் தட்டைக் கொடுத்தபோது, திவசச் சமையலில் எவற்றை விலக்குகிறார்கள், ஏன் என்ற என் நெடுநாளைய ஐயத்தைக் கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர்கள் வீட்டுத் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, உறைப்புக்கு மிளகுதான். உருளைக்கிழங்கும் தக்காளியும் அடுப்பை அண்டுவதில்லை. ஏன் என்று கேட்டால் முன்னோர் சொன்ன வழக்கம் என்றார். உயிரியல் படித்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் வேறொன்றும் தெரியும். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள்; போர்த்துக்கேயர் காலத்துக்கு முன் இங்கே யாரும் அவற்றைக் கண்டதில்லை. நம் பாட்டன் பூட்டன் உண்ணாததை அவர்களுக்குப் படைக்கக் கூடாது என்று யாரோ ஒருவர் அன்று நினைத்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மிளகாய் என்ற சொல்லிலேயே மிளகு இருக்கிறது; வந்த செடிக்கு இருந்த செடியின் பெயரைக் கொடுத்து வீட்டுக்குள் விட்டவர்கள், பிதிர்க் காரியத்தில் மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அந்த வாசல் எல்லாவற்றுக்கும் மூடியிருக்கவில்லை. தானத்துக்கென்று எல்லோரும் கொண்டுவந்திருந்த மஞ்சள் பூசணியும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். பூத்தட்டுகளில் குவிந்திருந்த செம்மஞ்சள் நிறப் பூவைச் செவ்வந்தி என்று சொல்லி விற்றார்கள். அது மெக்சிக்கோவின் பூ. அங்கே நவம்பர் முதலிரு நாட்களில் இறந்தோரை நினைக்கும்போது, ஆவிகள் வழி தவறாமல் வீடு வந்து சேர அந்தப் பூவின் இதழ்களை வாசலிலிருந்து படையல் வரை பாதையாகத் தூவுவார்கள். இங்கே ஆடி அமாவாசையில் அதே பூ, எள்ளும் நீருமாகக் கடலில் மிதந்துகொண்டிருந்தது. இந்த இரு நாட்டாரும் ஒருவரை ஒருவர் கேட்டா இதைச் செய்தார்கள்?

கோவிலைச் சுற்றி வரும்போது பெறாமகள் சம்பந்தர் பதிகத்தின் ஒரு பாடலைச் சொல்லிப் பார்த்தாள். மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை என்று எட்டு மரங்களும் கொடிகளும் அந்த ஒரு பாடலிலேயே வருகின்றன. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் கடல் கடக்காமல் இராமேசுவரத்திலிருந்தே இத்தலத்தைப் பாடினார் என்பது வழக்கு. எட்டில் நாங்கள் கண்டது புன்னை ஒன்றையே. 1622இல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்குக் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். பொழில் எப்போது போனது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில், பாறை விளிம்பில் நிற்கும் மரத்தில் பிள்ளை வரம் வேண்டிக் கட்டிய சிறு மரத்தொட்டில்களும் துணி முடிச்சுகளும் இலைகளை மறைக்குமளவுக்குத் தொங்கின. ஓர் இளம்பெண் தன் தொட்டிலைக் கட்டிவிட்டு, காற்றில் அது ஆடுவதைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றாள்.

பகல் வீட்டுக்கார அம்மா எனக்காகத் தேடி வாங்கிய காத்தோட்டிக்காயைக் குழம்பு வைத்திருந்தார். ஆடி அமாவாசையில் அந்தக் காட்டுக்காயை ஒரு வாயாவது உண்ண வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். கசப்பு நாக்கை விட்டுப் போக நெடுநேரம் ஆகும். பின்னேரம் வெயில் பட்டுத் தலை சுற்றிப் படுத்திருந்தபோது, கோவில் சனத்தின் கண் பட்டிருக்கும் என்று சொல்லி, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டார். காட்டம் எழவில்லை, கண்ணூறுதான் என்று தீர்மானமாகச் சொன்னார். காலையில் வாசலில் நிறுத்தப்பட்ட மிளகாய், பின்னேரம் என் தலைமாட்டுக்கே வந்துவிட்டது.

யூலை 25, வெள்ளிக்கிழமை. தம்பலகாமம்

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பேறு இந்த நாள். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களில் சிறுபோகம் விளைந்து மஞ்சளாகிக் கிடந்தது. வெட்டும் இயந்திரத்துக்காகக் காத்திருந்த ஒரு முதிய கமக்காரர், பிள்ளையின் கையில் இருந்த செடிகளைப் பார்த்துத் தானாகவே பேச்சுக் கொடுத்தார். வயலின் பெரும்பகுதியில் விவசாயத் திணைக்கள இன நெல். ஓர் ஓரத்தில் மட்டும் தன் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பச்சைப்பெருமாள் விதைத்திருந்தார். அந்தச் சிவப்பரிசியைச் சிங்கள மக்களும் அதே தமிழ்ப் பெயரால்தான் கேட்டு வாங்குகிறார்கள். கிலோ 450 ரூபாய்க்குக் கேட்டும் அவர் விற்பதில்லை.

வரம்பு முடியும் இடத்தில் ஒரு வேம்பு, அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். அதுதான் அம்மன். அந்த மரத்தில் அவர் கத்தி வைப்பதில்லை. விழுந்த கொட்டைகளை மட்டும் பொறுக்கி, தசை நீக்கி, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். அவற்றில் பூச்சிவிரட்டி எப்படிச் செய்கிறார் என்று கேட்டதும் செய்தே காட்டினார். பத்து லீற்றர் தண்ணீருக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பு. உரலில் இடித்து, பழைய வேட்டித் துண்டில் பொட்டலமாகக் கட்டி, இரவு முழுவதும் ஊறப் போடுகிறார். காலையில் அந்தப் பொட்டலத்தைப் பசுவின் மடியைப் பிடிப்பது போல் மேலிருந்து கீழாகப் பிழிந்துகொண்டே இருக்கிறார்; முதலில் மஞ்சளாக வரும் நீர் பின்பு பாலாகிறது, பால் நின்றால் பிழிவதையும் நிறுத்துகிறார். ஒட்டிக்கொள்வதற்குச் சிறிது சவர்க்காரம் கரைக்கிறார். வெயிலில் அடித்தால் வீண் என்பதால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் அடிக்கிறார். அவர் விரல்களை முகர்ந்து பார்த்தேன். கசப்புக்கு மணமும் உண்டு என்று அப்போது தெரிந்தது.

வேம்பிலுள்ள அசாடிரக்டின் என்ற பொருள் சூரிய ஒளியில் சிதைவது உண்மைதான். பூச்சியை அது உடனே கொல்வதில்லை. தின்னும் ஆசையை அடக்கித் தோலுரிப்பைக் குழப்புகிறது. இதை நான் பாடப்புத்தக மொழியில் சொன்னபோது அவர், "ரெண்டு மூணு நாள் பொறுக்கணும் ரீச்சர், பொறுக்க ஏலாதவன் கடைக்கு ஓடுவான்" என்று தன் மொழியில் முடித்தார். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அதுவரை எட்டிப் பார்க்காதவர்களும் வேப்பங்கொட்டை கேட்டு அவரிடம் வந்தார்களாம். வேம்பு பூச்சியைத் தடுக்குமே தவிரப் பயிருக்குச் சோறு போடாது என்று அவர் எத்தனையோ பேருக்குச் சொன்னாராம். நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. பசளை வேண்டுமென்றால் வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையைத்தான் வெட்டி மிதிக்க வேண்டும், அதற்கும் பல போகம் பொறுமை வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. என் தீர்ப்பும் அதுவே. மண்ணைப் பழக்காமல் ஒரே நாளில் உத்தரவால் மாற்ற முற்பட்டதன் பாரத்தைச் சுமந்தவர்கள் இவரைப் போன்றவர்களே. சீமைக்கிளுவையும் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். கொக்கோச் செடிக்கு நிழல் தந்து காப்பதால் அங்கே அதைக் கொக்கோவின் தாய் என்கிறார்கள். பட்டையையும் விதையையும் அரைத்து எலிக்கு நஞ்சு வைப்பதால் எலிக்கொல்லி என்றும் சொல்கிறார்கள். எலி வரம்பைத் துளைத்த இடங்களைக் காட்டி, இரண்டாவது பெயரைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னார்.

வேம்பிலிருந்து பூஞ்சணக்கொல்லி எடுக்கும் முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றிருந்ததையும், இந்தியாவிலிருந்து வந்த எதிர்ப்பால் அது 2000இல் நீக்கப்பட்டதையும், மேன்முறையீடும் 2005இல் தள்ளுபடியானதையும் அவருக்குச் சொன்னேன். அவர் மரத்தடிக் கல்லைப் பார்த்தார். "அம்மாள் வருத்தம் வந்தா இந்தக் கொப்பைத்தான் வாசல்ல கட்டுறம். குளத்துக்கு அங்கால சிங்கள ஆக்களும் அதைத்தான் கட்டுறாங்க. இதுக்கு ஆர் உரிமை கேக்கிறது?" என்றார். அம்மை நோயைச் சிங்களவர்கள் தெய்வத்தின் நோய் என்றே சொல்கிறார்கள். வேப்பிலை அவர்களுக்கும் பத்தினித் தெய்வத்தின் இலை. புது நெல் வந்ததும் முதல் அரிசியை இவர்கள் கோணேசருக்குப் புதிர் என்னும் புத்தரிசிப் படையலாகக் கொடுக்க, அவர்கள் அரச மரத்தடிக்குக் கொண்டுபோகிறார்கள்.

திரும்பும் வழியில் எருமைத் தயிர் முட்டி ஒன்று 600 ரூபாய்க்கு வாங்கினோம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அறிமுகமில்லாத பெண், இறங்கும் வரை அதைத் தன் மடியில் வைத்துக் காத்துத் தந்தார்.

யூலை 26, சனிக்கிழமை. கிண்ணியா

2009இல் திறந்த பாலத்தால் கிண்ணியாவுக்குத் தோணியை எதிர்பார்த்து நிற்க வேண்டிய தேவை இப்போது இல்லை. பாலம் கடந்து நடந்தபோது மணலில் நெருஞ்சி முள் ஒன்று செருப்பின் அடியைத் துளைத்துக் குதியில் இறங்கிவிட்டது. நொண்டிக்கொண்டு ஒதுங்கிய கடை, நல்லூழாக, ஒரு யூனானி வைத்தியருடையது. அவர் ஊசியை நெருப்பில் காட்டி முள்ளை எடுத்து, மஞ்சள் பூசி, எடுத்த முள்ளை எங்களிடம் நீட்டி, "இது எதுக்கு மருந்து, சொல்லுங்க பாப்பம்" என்று பெறாமகளைக் கேட்டார். நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் என்று அவள் உடனே சொன்னாள். அதன் பிறகு ஒரு மணித்தியாலம் என் காலை இருவரும் மறந்துபோனார்கள்.

யூனானி என்ற சொல்லே யவனத்தைக் குறிப்பது. கிரேக்கரிடமிருந்து அரபு நாட்டார் எடுத்து, இப்னு சீனா போன்றோர் விரித்து, வணிகரோடு இங்கு வந்த மருத்துவம் அது. அவர் ஒரு போத்தலைத் திறந்து இத்ரீஃபல் என்ற லேகியத்தைக் காட்டினார். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது. அதை நாங்கள் திரிபலா என்கிறோம் என்று பிள்ளை சொல்ல, அந்தச் சொல்தான் அரபு வாயில் இப்படி உருண்டு திரும்பி வந்தது என்று அவர் மகிழ்ந்து சொன்னார். கருஞ்சீரகத்தைக் கையில் எடுத்தபோது மட்டும் அவர் குரல் தாழ்ந்தது. மரணத்தைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழியைச் சொல்லி, ஆனாலும் சலரோகக்காரர் வைத்தியசாலைக் குளிசையை விட்டுவிட்டு அதையே நம்பி இருக்கத் தான் ஒருபோதும் சொல்வதில்லை என்றார். அந்த நேர்மை என் மனத்தில் நிற்கிறது. 100 கிராம் கருஞ்சீரகத்துக்கு 250 ரூபாய் வாங்கினார். முள் எடுத்ததற்கு எதுவும் வாங்க மறுத்துவிட்டார். உள்ளேயிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்த பேத்தியின் உள்ளங்கை, அக்காவின் கலியாணத்துக்கு இட்ட மருதோன்றியில் சிவந்திருந்தது.

யூலை 27, ஞாயிற்றுக்கிழமை. விகாரைகள்

கடைசி நாள் பெரியகுளத்துப் பக்கம் வில்கம் விகாரைக்குப் போனோம். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற இந்தப் பௌத்தப் பள்ளியில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. குதி வலியால் நான் அதிகம் நடக்கவில்லை.

வழியில் இறங்கிய மற்றொரு சிறு விகாரையின் முற்றத்தில்தான் நாகலிங்க மரம் நின்றது. கிளையில் அல்லாமல் அடிமரத்திலேயே கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில் பூக்கள். ஒரு பூவைக் கையில் ஏந்திப் பார்த்தேன். தடித்த ஆறு இதழ்கள். உள்ளே ஒரு பக்கமிருந்து வளைந்து கவியும் மகரந்தத் தாள்களின் கூட்டம், அதன் அடியில் சிறு வட்டமான மேடு. எனக்கு அது பாம்பு படமெடுத்துக் காக்கும் லிங்கம். பூ விற்ற சிங்களப் பெண்மணி, அது தாதுகோபம் என்றும், சுற்றி நின்று வணங்குபவர்கள்தான் அந்தத் தாள்கள் என்றும் என் அரைகுறைச் சிங்களத்துக்கு ஏற்ப மெதுவாக விளக்கினார். அவர்கள் இதைச் சால மரம் என்கிறார்கள். புத்தர் பிறந்ததும் பரிநிர்வாணம் அடைந்ததும் சால மரங்களிடையே. ஆனால் அந்தச் சாலம் வட இந்தியக் காடுகளில் உள்ள வேறு மரம். இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பக்கத்தில் பூத்து உதிர்ந்துகொண்டிருந்த ஈழத்தலரியும் பெயரில்தான் ஈழம். அதன் சொந்த மண்ணும் அமெரிக்காவே. பாலித் தீவில் அது படையல் பூ, மலாய் நாட்டில் கல்லறைப் பூ. அந்தப் பெண்மணியிடம் மரத்தின் ஊரைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் அப்போது பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. சொல்லாதது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வெயிலில் என் முகம் வாடியதைப் பார்த்து அவர் ஒரு கோப்பையில் பெலிமல் தந்தார், கூடவே கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி. காய்ந்த வில்வப்பூவை அவித்த நீர். தேனிறம், மெல்லிய மணம், குடித்ததும் வயிறு குளிர்ந்தது. கோணேசருக்கு இலையை அர்ச்சிக்கிறோம், வயிற்றோட்டத்துக்குக் காயைச் சுட்டுக் கொடுக்கிறோம். பூவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை. 150 ரூபாய்க்கு ஒரு பொதி வாங்கினேன். மேலும் ஒரு கைப்பிடியைக் கடதாசியில் சுற்றி, என் பைக்குள் அவரே வைத்துவிட்டார்.

எங்கள் கிணற்றடி வில்வம் அப்பா நட்டது. அதன் பூவை நாற்பது ஆண்டுகளாகக் குப்பையோடு கூட்டி அள்ளியிருக்கிறேன். நள்ளிரவில் வீடு வந்து சேர்ந்தேன். இன்று விடிந்ததும், காலம் முடிந்து விழும் கடைசிப் பூக்களுக்காக, மரத்தடியில் ஒரு பழைய சாக்கைத் தோய்த்து விரித்திருக்கிறேன்.